அட்ரினலின் போட்டாச்சு, அடுத்து எதைப் பார்க்கணும்?

செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்ட சில நிமிடங்களில் நோயாளிக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்கி, பிபி 80/50க்கு இறங்கிவிட்டது; இது உயிருக்கு ஆபத்தான கடும் அலர்ஜி. அந்த மருந்தை நிறுத்தி, டாக்டர் சொன்னபடி தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் போட்டாயிற்று. கவனம் இனிமேல்தான் வேண்டும்.

முதலில் நேரத்தைக் குறியுங்கள். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் டாக்டர் அடுத்த டோஸ் சொல்வார், பதற்றத்தில் அந்த 5 நிமிடத்தை யாராலும் மனக்கணக்காகச் சொல்ல முடியாது.

அப்புறம் நோயாளியைப் பேசவிடுங்கள். பெயரைக் கேட்டாலே போதும்: ஒரே மூச்சில் சொல்கிறாரா, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி இழுக்கிறாரா, குரல் கரகரக்கிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று எல்லாம் தெரிந்துவிடும். பிறகு ஸ்டெதாஸ்கோப் வையுங்கள். வீசிங் (மூச்சில் விசில் மாதிரி சத்தம்) கேட்கவில்லை என்று உடனே நிம்மதி அடையாதீர்கள்; காற்று போகும் சத்தமே இல்லாமல் ஆளும் சோர்ந்துகொண்டே போனால் நிலைமை மோசமாகிறது, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து பிபி, பல்ஸ், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு). விரல் நுனியை 5 விநாடி அழுத்தி விடுங்கள், 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும்.

தோலைக் கடைசியில் பாருங்கள். புதிதாக வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். அவில் என்ற அலர்ஜி மருந்து போட்டதும் அரிப்பு அடங்கும், 'பேஷண்ட் பரவாயில்லை' என்று எழுதிவிடத் தோன்றும், ஆனால் விழுந்த பிபியையோ தொண்டை வீக்கத்தையோ அவில் சரிசெய்யாது.

அட்ரினலின் போட்டதால் நோயாளி கை நடுங்குது, நெஞ்சு படபடக்குது என்பார். "மருந்தோட வேலைதான், கொஞ்ச நேரத்துல அடங்கிடும், நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தை அவருக்குப் பெரிய தெம்பு. நெஞ்சுவலி என்றால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்லி ஈசிஜி எடுக்க வேண்டும்.

"நல்லா இருக்கேன் சிஸ்டர், பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று எழுந்தால் விடாதீர்கள். திடீரென்று எழுந்து நின்றால் பிபி விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பெட்பேன் கொடுங்கள்.

எழுதும்போது இப்படி எழுதுங்கள்: '10.05 அட்ரினலின். 10.10 பிபி 104/66, பல்ஸ் 112, சாச்சுரேஷன் 96, முழு வாக்கியம் பேசுகிறார், வீசிங் லேசாக உள்ளது.' அடுத்து வரும் சிஸ்டருக்கு இதுதான் உதவும், ஏனென்றால் எல்லாம் அடங்கிச் சில மணி நேரம் கழித்தும், அரிதாக 72 மணி நேரம் வரைகூட, அலர்ஜி மறுபடி கிளம்பலாம்.

கேஸ் ஷீட் முன்பக்கத்திலும் டிஸ்சார்ஜ் சீட்டிலும் அலர்ஜி உண்டாக்கிய மருந்தின் பெயரைச் சிவப்பில் எழுதி, கூட இருப்பவரிடமும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.