பைக்கின் பின்சக்கரத்தில் கார் டயர்: ஆசைப்பட்டு மாட்டிக்கொள்கிற இடங்கள்

காரைக்குடியில் எங்கள் டயர் கடைக்கு அவ்வப்போது இந்தக் கேள்வி வந்து நிற்கும். போன வாரம் பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி பஜாஜ் அவெஞ்சரை உருட்டிக்கொண்டு வந்தார். பின் டயர் நடுவில் வழுக்கையாகியிருந்தது. "அண்ணே, பன்னெண்டாயிரம் கிலோமீட்டர்லயே மொட்டையாயிருச்சு. இதுக்குக் கார் டயரு போட்டு விடுங்க, நாப்பதாயிரம் ஓடுமாமே."

ஓடும், அதில் பொய்யில்லை. கார் டயரின் ரப்பர் கெட்டி, தரையில் படுகிற பரப்பும் அதிகம். நேராகப் போய் நேராக வருகிறவரை தேய்மானம் மெதுவாகத்தான் இருக்கும். சிக்கல் மற்ற இடங்களில்.

எல்லோரும் முதலில் ஏமாறுவது நம்பரில். அவெஞ்சர் பின் டயர் 130/90-15. ஸ்விஃப்ட் மாதிரிக் காருக்கு வருவது 185/65 ஆர்15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் இத்தனை சதவீதம் என்று. கடைசி எண் ரிம்மின் விட்டம், இன்ச்சில். இரண்டிலும் 15 இருக்கிறது. கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் ஒன்றுக்கு 615 மில்லிமீட்டர், மற்றதற்கு 621. ஆறு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்றதும் ஆசை வந்துவிடும். ஆனால் அகலத்தைப் பாருங்கள்: 130 எங்கே, 185 எங்கே. பக்கத்துக்கு 27 மில்லிமீட்டர் கூடுதல். அதில் ஒரு பக்கத்தில்தான் செயின் ஓடுகிறது. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் சுற்றிப் பார்த்து "உரசல, போயிரும்" என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. பின்னால் ஆள் உட்கார்ந்து, ஷாக் அப்சார்பர் அமுங்கி, வெயிலில் டயர் சூடாகி உப்பும்போது அந்த இடைவெளி இருக்காது. அதுபோக, அந்தக் கார் டயர் குறைந்தது 5 இன்ச் அகல ரிம்மை எதிர்பார்க்கிறது. அவெஞ்சர் ரிம் அதைவிட ஒடுக்கம். ஒடுக்கமான ரிம்மில் டயர் பிதுங்கி உட்காரும். அகலம் கொஞ்சம் குறையும்தான், ஆனால் வடிவம் கெட்டுப்போகும்.

அப்புறம் பீடு. டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பி வைத்த வளையம் இருக்கிறதே, அதுதான். காருக்கும் பைக்குக்கும் அந்த வளையம் போய் உட்கார்கிற மேடையின் அமைப்பே வேறு. 15 என்ற எண் ஒன்றாக இருப்பதால் பீடு பொருந்திவிடாது. உட்காரவில்லை என்றதும் கம்ப்ரசரைத் திறந்து ஐம்பது, அறுபது, எழுபது பவுண்டு என்று ஏற்றுவார்கள். பீடை உட்காரவைக்க 40 பவுண்டைத் தாண்டாதே என்று பல கார் டயர்களின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும். அதை யார் படிக்கிறார்கள்? கம்பி அறுந்தால் டயர் எழும்பி முகத்தில்தான் அடிக்கும். என்னிடம் வேலை பழக வந்த பையனிடம் நான் முதல் நாளே சொல்வது, காற்று ஏறும்போது டயருக்கு மேல் குனியாதே என்றுதான்.

நம்பரையும் பீடையும் சொன்ன பிறகும் தம்பிக்கு மனசு வரவில்லை. சரி என்று வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒரு ஸ்விஃப்ட் சக்கரம், ஒரு பைக் சக்கரம், ஒரு கிண்ணம் கோலமாவு. இரண்டு டயரிலும் மாவைத் தடவி, முகப்பில் ஆத்தங்குடிக் கல் தரைமேல் நிறுத்தி அழுத்தினோம். பைக் டயர் வெற்றிலையளவுக்கு ஒரு தடம் விட்டது. கார் டயர் செங்கல் மாதிரி ஒரு கட்டம். "பாத்தீங்களாண்ணே, இதுலதான பிடிப்பு அதிகம்" என்று தம்பி சிரித்தார். சாய்த்து அழுத்தச் சொன்னேன். பைக் டயரின் வெற்றிலை கொஞ்சம் தள்ளி விழுந்தது, அளவு மாறவில்லை. கார் டயரின் செங்கல் காணாமல் போய், ஓரத்தில் விரல் தடிமனில் ஒரு கோடு. தம்பி எதுவும் பேசவில்லை. ஆச்சி மட்டும் பேசினார்கள், தரையைத் துடைத்துவிட்டுப் போகச் சொல்லி.

கொஞ்சம் வேகமாகப் போகும்போது பைக் வளைவது சாய்ந்துதான். உருண்டையான டயர் அந்தச் சாய்வுக்கென்றே வார்த்தது. தட்டையான கார் டயர் நிமிர்ந்து நிற்கவே பார்க்கும், வளைவு முடியும்வரை ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். "தேவகோட்டை ரஸ்தா வரைக்கும் ஓட்டிப் பாத்தேன், ஒண்ணும் தெரியல" என்பார்கள். நேர் ரோட்டில் எப்படித் தெரியும்? கண்மாய்க் கரையில் ரோடு திரும்புகிற இடத்தில், எதிரே பஸ் வர, தாரை விட்டுச் செம்மண்ணில் இறங்கி மறுபடி ஏறிப் பாருங்கள். தார் விளிம்பில் டயரின் ஒரு ஓரம் மட்டும் ஏறும்போது வண்டியை ஒரு பக்கமாக வெட்டி இழுக்கும்.

இதைச் சமாளிக்கக் காற்றைக் குறைப்பது அடுத்த தவறு. பக்கச்சுவர் நெளிந்துகொடுப்பதால் வளைவு சுலபமானது போலத்தான் இருக்கும். நெளிகிற டயர் உள்ளுக்குள் சூடேறும். சித்திரை வெயிலில் ரோட்டுச் சூடும் சேர்ந்துகொள்ளும்.

"அமெரிக்காவுல போடுறாகளே?" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், அங்கே ஹோண்டா கோல்ட்விங் என்ற பெரிய பைக் வைத்திருப்பவர்களில் ஒரு கூட்டம் இதை வழக்கமாகவே செய்கிறது. ஆனால் அந்த வண்டி சுமார் 400 கிலோ. பழைய ஜிஎல்1800 மாடலில் பின் டயர் 180/60 ஆர்16, அவர்கள் பெரும்பாலும் போடுவது 195/55 ஆர்16. அகலத்தில் 15 மில்லிமீட்டர்தான் கூடுதல். செயினே கிடையாது, சக்கரத்தைச் சுற்றுவது ஷாஃப்ட் என்ற தண்டு. அப்படியும் வளைவில் டயர் நிமிரப் பார்ப்பது அவர்களுக்கும் உண்டு. சைடுகார், அதாவது பக்கத்தில் சக்கரத்தோடு ஆள் உட்காரும் பெட்டி, வைத்த வண்டி வேறு கதை. அது சாயாமலே வளைவதால் தட்டை டயர் அங்கே நியாயம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது டயரைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பேசுகிற நாமே நடுவில் தேய்ந்து தட்டையான பைக் டயரை இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம் என்று விட்டுவைக்கிறோம். அதுவும் சின்ன அளவில் கார் டயர்தான். வளைவில் அதே தயக்கம் வரும்.

தம்பிக்கு 130/90-15 பைக் டயரே போட்டேன். பழசைக் கழற்றுவதற்கு முன் காற்றை அளந்து பார்த்தேன், மீட்டர் 44 பவுண்டு காட்டியது. எவ்வளவு அடிப்பீர்கள் என்று கேட்டேன். "பங்க்ல கல்லு மாதிரி அடிக்கச் சொல்வேண்ணே, மைலேஜ் கிடைக்கும்ல." அவ்வளவு காற்றில் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் ரோட்டில் படும். பன்னிரண்டாயிரத்தில் மொட்டையாகாமல் என்ன செய்யும்? கையேட்டில் தனியாகப் போவதற்கும் ஆள் ஏற்றுவதற்கும் போட்டிருந்த இரண்டு அளவையும் சாக்பீஸில் மட்கார்டுக்கு உள்பக்கம் எழுதி அனுப்பினேன்.