சொரியாசிஸ்: மரபணுப் பரிசோதனைக்கு முன் குடும்ப வரலாற்றை எழுதுங்கள்

"பிள்ளைக்கும் வருமா?" தோலில் செதில் செதிலாகத் தடிப்பு வரும் சொரியாசிஸ் உள்ள வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம். இருவருக்கும் இருந்தால் சுமார் 40. வராமலிருக்கும் வாய்ப்பே கூடுதல் என்பதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு தாளில் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி எல்லோரையும் எழுதுங்கள். யாருக்கு, எந்த வயதில் தொடங்கியது, மூட்டுவலி உண்டா (இந்நோய் மூட்டையும் தாக்கலாம்) என்று குறியுங்கள். "எனக்குத் தோல்நோய் இல்லை" என்பவரையும் விட்டுவிட வேண்டாம். பொடுகு என்று நினைத்துக்கொண்டிருக்கும் தலைச் செதில், காதுக்குப் பின்புறம், தொப்புள், முழங்கை ஆகியவற்றைப் பாருங்கள். விரல் நகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊசிமுனையால் குத்தியதுபோல் சிறு குழிகள் இருந்தால் எழுதுங்கள். அதோடு காலையில் விரல்கள் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் மூட்டு நிபுணரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

40 வயதுக்குள் தொடங்கி, குடும்பத்திலும் இருந்தால், 6ஆவது குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ-சி*06:02 என்ற மரபணு வகை இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதைச் சுமக்கும் பலருக்கு நோய் வருவதே இல்லை. ஆகவே நோயை உறுதிசெய்ய இந்த வகையைத் தேடும் மரபணுப் பரிசோதனை உதவாது; தோலைப் பார்த்துத்தான் உறுதிசெய்கிறார்கள்.

மருந்துத் தேர்வில் ஓரளவு பயனுண்டு. இந்த மரபணு வகை உள்ளவர்களுக்கு உஸ்டெகினுமாப் என்ற ஊசி மருந்து சற்று நன்றாகவும் விரைவாகவும் வேலை செய்கிறது. இல்லாதவர்களுக்கு அதைவிட அடாலிமுமாப் என்ற இன்னொரு ஊசி மருந்து கைகொடுக்கலாம். செகுகினுமாப் என்ற ஊசி மருந்துக்கு இந்த வேறுபாடு பெரிதாக இல்லை. எப்படியும் மூட்டுப் பாதிப்பு, காசநோய், கல்லீரல் நிலை, கர்ப்பத் திட்டம் ஆகியவையே முன்னால் நிற்கும். உடல் முழுதும் சீழ்க் கொப்புளம் வரும் சொரியாசிஸ் வகையில் மட்டும் ஐஎல்36ஆர்என் மரபணுவைப் பார்க்கச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு.

மருந்து பலிக்கவில்லையென்றால் உடனே மரபணுவைக் காரணம் சொல்லிவிடாதீர்கள். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்ததா, தவணை தவறியதா, 12 முதல் 16 வாரம் ஆகுமுன்பே முடிவுகட்டிவிட்டோமா, எடை கூடியதா, தொண்டைப்புண் வந்ததா, மனநல மருந்தான லித்தியமோ, இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கரோ புதிதாகத் தொடங்கியதா என்று பாருங்கள். சொரியாசிஸுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பழுதாகி உயிருக்கே ஆபத்து. மாத்திரை நாளின் பெயரை அட்டையிலேயே எழுதி வையுங்கள்.