பாப்பரைப் பற்றி எழுதுமுன்: பொய் வேறு, பொய்ப்பிக்கத்தக்கது வேறு

சென்னையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் ஆய்வு முறையியல் தாளில் அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பரிடம் சிக்காமல் தப்புவது அரிது. பொய்யென்று காட்ட வழியுள்ள கூற்றே, அதாவது பொய்ப்பிக்கத்தக்கதே (falsifiable), அறிவியல் என்றவர் அவர். அந்தக் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால் ஆண்டுதோறும் அதே சறுக்கல்கள்தான். திருத்துகிறவர்களும் ஒரு காலத்தில் சறுக்கி விழுந்த இடங்கள். பிறந்த ஆண்டை (1902) மாற்றிப் போடுவது, ஒரே பக்கத்தில் பெயரை மூன்று விதமாக எழுதுவது போன்றவற்றை விட்டுவிடலாம். கருத்தையே கவிழ்க்கும் பிழைகள் வேறு. அவைதான் கீழே.

பொய்ப்பிக்கத்தக்கது என்றால் பொய் என்று பொருளல்ல

"ஜோதிடம் பொய்ப்பிக்கத்தக்கதல்ல, ஆகவே அது பொய் என்கிறார் பாப்பர்." இந்த வாக்கியம் கட்டுக்கட்டாக வருகிறது. எதைக் கொண்டும் பொய்யென்று காட்ட முடியாது என்று முதல் பாதியில் சொல்லிவிட்டு, அடுத்த பாதியில் பொய் என்று தீர்ப்பு எழுதினால் எப்படி? இதன் இரட்டைப் பிறவியும் உண்டு: "அறிவியல் கோட்பாடுகள் பொய்ப்பிக்கத்தக்கவை, அதனால் நம்பத்தகாதவை." எரிச்சலூட்டுவது இதுதான். பாப்பர் பாராட்டாகச் சொன்னதை வசையாக்கிவிடுகிறார்கள்.

பாதிப் பழி மொழிபெயர்ப்புச் சொல்லுக்கு. 'பொய்' என்றதும் நமக்கு ஏமாற்று வாடை அடிக்கிறது. பாப்பர் கேட்டது கூற்றின் வடிவத்தைப் பற்றி: உலகில் எது நடந்தால் இது மோதி உடையும்? அப்படி ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிந்தால் அது பொய்ப்பிக்கத்தக்கது. அது நடந்ததா என்று பார்ப்பது அடுத்த வேலை. "பூமி தட்டை" என்பது பொய்ப்பிக்கத்தக்கது, பொய்ப்பிக்கப்பட்டும் விட்டது. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலும் பொய்ப்பிக்கத்தக்கதுதான். ஆனால் சோதனைகளில் தாக்குப்பிடித்து நிற்கிறது.

மழையை வைத்துப் பாருங்கள். "இந்த வாரம் சென்னையில் மழை வந்தாலும் வரலாம்" என்றால் குடை நனைந்தாலும் சரி, காய்ந்தாலும் சரி, சொன்னவருக்கு நஷ்டமில்லை. "நாளை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை நுங்கம்பாக்கம் மழைமானியில் 100 மில்லிமீட்டருக்கு மேல் பதிவாகும்" என்றால், 99 பதிவானாலே கூற்று விழுந்தது. இரண்டாவது அதிகம் தடை செய்கிறது, அதனால்தான் அதிகம் சொல்கிறது. ஒரு கூற்றைச் சோதிக்கும்போது அதன் கீழே மூன்றை எழுதுங்கள்: எந்தக் கருவி, எந்தக் கால வரம்பு, எந்த அளவு வந்தால் கைவிடுவது. மூன்றில் ஒன்று வெற்றிடமாக நின்றால் கூற்று இன்னும் நழுவிக்கொண்டிருக்கிறது.

பாப்பரை உலுக்கிய உதாரணமும் இதே வகை. சூரியனை உரசி வரும் விண்மீன் ஒளி 1.75 வில்நொடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்நொடி) வளையும் என்றது ஐன்ஸ்டைனின் கணக்கு. நியூட்டன் வழிக் கணக்கு அதில் பாதி. 1919 மே 29 கிரகணத்தில் அளந்து பார்த்தார்கள். ஒளி வளையாமல் போயிருந்தால் சார்பியலுக்கு ஒளிய இடமில்லை. அதே ஆண்டு வியன்னாவில், உளவியலாளர் ஆட்லரின் கோட்பாட்டுக்குப் பொருந்தாது என்று தோன்றிய ஒரு குழந்தையின் நிலைமையை அவரிடமே பாப்பர் சொன்னார். குழந்தையைப் பார்க்காமலேயே ஆட்லர் விளக்கிவிட்டார். எப்படி இவ்வளவு உறுதி என்று கேட்டால், ஆயிரம் மடங்கு அனுபவமாம். இதோடு ஆயிரத்து ஒன்று ஆகிவிட்டது போலும் என்றார் பாப்பர். கட்டுரைகள் இந்தக் கிண்டலோடு நின்றுவிடுகின்றன. ஃப்ராய்டும் ஆட்லரும் சொன்னதில் பல முக்கியமானவை என்பதில் தனக்கு ஐயமில்லை என்று அவர் தொடர்ந்து எழுதியதை யாரும் எடுப்பதில்லை. அவர் அவற்றைப் பொய் என்று தள்ளவில்லை. சோதிக்கத்தக்க வடிவில் இல்லை என்றார்.

ஒரே ஒரு முரண் போதுமா?

ஒரு முரண் தென்பட்டதுமே கோட்பாட்டைக் கைவிடச் சொன்னார் பாப்பர் என்று எழுதுகிறார்கள். ஆனால் யுரேனஸ் கணக்கிட்ட பாதையிலிருந்து விலகியபோது யாரும் நியூட்டனைத் தூக்கி எறியவில்லை. வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்று வானியலாளர் லெவெரியே கணக்குப் போட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் வானியலாளர் கால்லே, அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூனைப் பார்த்தார். புதனின் பாதை கணக்கிலிருந்து நூற்றாண்டுக்கு 43 வில்நொடி விலகியதற்கும் அதே மருந்தைக் கொடுத்தார்கள். வல்கன் என்று ஒரு கோளுக்குப் பெயர்கூட வைத்தாயிற்று, கோள்தான் கிடைக்கவில்லை. இதையெல்லாம் பாப்பர் அறியாதவர்போல எழுதுவது பிழை. இப்படிக் கோட்பாட்டைக் காக்கச் சேர்க்கும் துணைக் கருதுகோளை அவர் தடுக்கவில்லை. அதைத் தனியே சோதிக்க முடிய வேண்டும், முழுக் கோட்பாட்டின் சோதிக்கத்தக்க தன்மை குறையக் கூடாது என்பதே அவர் போட்ட நிபந்தனை.

"அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது"

பாப்பரின் பார்வையில் எந்தக் கோட்பாடும் நிரூபணமாவதில்லை. கட்டுரையில் இந்தச் சொற்றொடர் வந்தால் அடித்துவிட்டு "இதுவரை சோதனைகளைத் தாங்கி நின்றது" என்று எழுதுங்கள்.

வியன்னா வட்ட உறுப்பினர்

பாப்பரை வியன்னா வட்டம் என்ற தத்துவ அறிஞர் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். அவர் அதில் இல்லை. அந்த வட்டத்தின் நாய்ராட் அவரை 'அதிகாரபூர்வ எதிர்க்கட்சி' என்றார். வட்டத்தார் தேடியது பொருளுள்ள கூற்றுக்கும் பொருளற்ற கூற்றுக்கும் இடையிலான கோட்டை; பாப்பர் தேடியது அறிவியலுக்கும் அறிவியல் அல்லாததற்கும் இடையிலான கோட்டை. மெய்ப்பொருளியல் (metaphysics) வெற்றுச் சொல் என்று அவர் சொல்லவில்லை.

1959

பாப்பரின் 'அறிவியல் கண்டுபிடிப்பின் தர்க்கம்' வெளிவந்த ஆண்டு என்று இதைப் போடுகிறார்கள். அது ஆங்கிலப் பதிப்பின் ஆண்டு. ஜெர்மன் மூலம் 1934 இறுதியிலேயே வெளிவந்தது. நூலில் அச்சான ஆண்டு 1935. இதைத் தவறவிட்டால் 1962-இல் வந்த, அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூனின் 'அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு' நூல் மூன்றே ஆண்டில் எழுந்த மறுப்புபோலத் தெரியும். நடுவே கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அதில் 1937 முதல் 1945 வரை பாப்பர் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

டார்வின் மேற்கோள்

டார்வினியம் சோதிக்கத்தக்க கோட்பாடல்ல என்று 1974-இல் வெளியான தன்வரலாற்றில் பாப்பர் எழுதியது உண்மை. 1978-இல் அச்சான உரையில், இயற்கைத் தேர்வின் சோதிக்கத்தக்க தன்மை பற்றி மனத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாகவே சொன்னார். முதலாவதை மட்டும் வெட்டி ஒட்டும் கட்டுரைக்கு மதிப்பெண் குறைவது நியாயம்தான்.