ஸ்பானிஷ் இலக்கணம்: எதற்கு ஆங்கிலம், எதற்குத் தமிழ்?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் நோட்டோடு வந்து நின்றாள். ஆன்லைனில் ஸ்பானிஷ் வகுப்பு சேர்ந்து ரெண்டு மாசம் ஆகிறது. "மாமா, ஐ லைக் காபின்னு சொல்லணும்னா யோ குஸ்தோ கஃபேன்னுதானே எழுதணும்? தப்புன்னு போட்டுட்டாங்க. ஏன் தப்புன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க, பாருங்க."

"சரி, அதையே தமிழ்ல சொல்லும்மா."

"எனக்குக் காபி பிடிக்கும்."

"இப்ப 'எனக்கு'ங்கிற இடத்துல 'மெ' போடு. 'பிடிக்கும்'ங்கிறதுக்கு 'குஸ்தா' போடு."

மெ குஸ்தா எல் கஃபே ('எல்' என்பது ஆங்கில 'தி' மாதிரி). அவ்வளவுதான். வகுப்பில் எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகவே சொல்லித் தருகிறார்கள், அதனால் நம்ம பிள்ளைகள் தமிழை மூட்டை கட்டி ஓரமாக வைத்துவிட்டு, பாதி தெரிந்த ஒரு மொழியைப் பிடித்துக்கொண்டு தெரியாத இன்னொரு மொழிக்குள் நுழைகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். நான் ஸ்பானிஷ் படித்ததும் அப்படித்தான். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறேன். பழம் பறித்து, தோல் நீக்கி, காய வைப்பது பற்றி கொலம்பியா விவசாயிகள் போடும் வீடியோக்கள் புரிய வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அவர்கள் வளர்ப்பதும் அராபிகா வகைக் காபி, ஏற்காடு இருக்கிற ஷெவராய் மலையில் இருப்பதும் அராபிகா. முதல் வருஷம் முழுக்க ஆங்கிலம் வழியாகவே முட்டினேன். எந்த இடத்தில் தமிழைப் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் ஆங்கிலத்தைப் பிடிக்க வேண்டும், எங்கே ரெண்டையும் விட்டுவிட வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் வேகம் வந்தது. அதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: வாயைத் தமிழுக்கு வையுங்கள்

ஸ்பானிஷில் 27 எழுத்து, உயிரொலி ஐந்தே ஐந்து: அ, எ, இ, ஒ, உ. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து ஒரு சொல்லில் அ, இன்னொன்றில் ஆ, வேறொன்றில் ஏய் என்று மாறுமே, அந்தத் தொல்லை இங்கே இல்லை. பார்த்ததைப் படிக்கலாம். தகரமும் நம்ம தகரம்தான், நாக்கு பல்லைத் தொட வேண்டும். 'தெங்கோ' என்ற சொல்லை தேங்காயில் வரும் 'தே' மாதிரி தொடங்குங்கள், ஆங்கில 'டென்' மாதிரி வேண்டாம். ப, த, க சொல்லும்போது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு வாயிலிருந்து ஒரு காற்று வெளியே வரும், அதை நிறுத்த அவர்கள் தனியாகப் பழக வேண்டும். நமக்கு அந்தக் காற்று பிறவியிலேயே இல்லை.

ஞகரம் அப்படியே இருக்கிறது: அந்த மொழிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே எஸ்பாஞோல். அப்புறம் ரகரம், றகரம். நம்ம பேச்சில் இந்த வித்தியாசம் தேய்ந்துவிட்டது, ஸ்பானிஷில் தேயவில்லை. 'பெரோ' என்று நாக்கு ஒரு தட்டு தட்டினால் 'ஆனால்'. 'பெர்ரோ' என்று உருட்டினால் நாய். தமிழ் வகுப்பில் வல்லின ற, இடையின ர என்று மனப்பாடம் செய்தது இங்கே நாக்குக்கு வருகிறது.

ஆங்கில எழுத்து ஹெச் வந்தால் வாயே திறக்காதீர்கள், அதற்கு ஒலி கிடையாது. ஜே வந்தால் தொண்டையிலிருந்து ஹகரம்.

படி 2: 'யோ'வைத் தூக்கிப் போடுங்கள்

ஆங்கிலத்தில் 'ஸ்பீக்' என்று மட்டும் சொன்னால் யார் பேசுகிறார் என்று தெரியாது, அதனால் முன்னால் ஐ, யூ, வீ என்று ஒன்று கட்டாயம் வேண்டும். தமிழில் 'பேசுகிறேன்' என்றால் போதும், அந்த 'ஏன்' விகுதியே நான்தான் என்று சொல்லிவிடுகிறது. இதற்குத் தோன்றா எழுவாய் என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஸ்பானிஷும் அதே கதை, 'நான்' என்று பொருள்படும் 'யோ' தேவையில்லை.

ஆப்லோ: பேசுகிறேன்
ஆப்லாஸ்: பேசுகிறாய்
ஆப்லா: பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறது
ஆப்லாமோஸ்: பேசுகிறோம்
ஆப்லான்: பேசுகிறார்கள்

ஸ்பெயினில் மட்டும் 'ஆப்லாயிஸ்' என்று இன்னொன்று உண்டு, நெருக்கமான பலரைப் பார்த்துப் பேசுவதற்கு. லத்தீன் அமெரிக்காவில் அது புழக்கத்தில் இல்லை, ஆரம்பத்தில் விட்டுவிடலாம்.

'நான் பேசறேன், நீ சும்மா இரு' என்று அழுத்தும்போது மட்டும் தமிழில் 'நான்' வருகிறதல்லவா, அங்கேதான் 'யோ'வும் வரும். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'யோ' என்று தொடங்கினால், ஆங்கிலத்தில் யோசித்து எழுதுகிறீர்கள் என்று உடனே தெரிந்துவிடும். ஒரு வித்தியாசம் மட்டும் பாருங்கள்: தமிழ் வினையில் ஆணா பெண்ணா தெரியும், ஸ்பானிஷ் வினையில் தெரியாது. அதற்குப் பதிலாகப் பெயரடையில் காட்டுவார்கள். அது படி 6-இல்.

விகுதி மனப்பாடம் ஆக நான் செய்தது: அடிவாரத்தில் ஏற்காடு பஸ் ஏறினால் மேலே போவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுக்கு ஒரு வினை. பஸ் திரும்பி நிமிர்வதற்குள் ஐந்து வடிவத்தையும் வாய்க்குள் சொல்லி முடிக்க வேண்டும். கோமோ, கோமெஸ், கோமே, கோமேமோஸ், கோமென்: சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறாய், சாப்பிடுகிறான், சாப்பிடுகிறோம், சாப்பிடுகிறார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு மாசம் செய்தேன், இன்றைக்கும் மறக்கவில்லை.

படி 3: நீ, நீங்கள்

ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. ஸ்பானிஷில் 'து' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். ஆங்கிலப் புத்தகங்கள் இதை விளக்கப் பல பக்கம் எடுத்துக்கொள்ளும், நமக்கு ஒரு வரி போதும். உஸ்தெத் வந்தால் வினை படர்க்கைக்குப் போகும்: 'ஆப்லா உஸ்தெத் எஸ்பாஞோல்?' என்றால் நீங்கள் ஸ்பானிஷ் பேசுவீர்களா. காரணம், 'வுவெஸ்த்ரா மெர்செத்', அதாவது 'தங்கள் கருணை', என்ற பழைய மரியாதைத் தொடர் சுருங்கித்தான் உஸ்தெத் ஆனது. 'தங்கள் கருணை பேசுகிறதா' என்று கேட்ட பழக்கம் வினையில் அப்படியே தங்கிவிட்டது.

கொலம்பியாவின் சில பகுதிகளில் வீட்டுக்குள், சொந்தப் பிள்ளைகளிடம்கூட உஸ்தெத் என்றே பேசுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விநோதமாகப் படலாம். நம்ம பக்கம் சின்னக் குழந்தையைப் பார்த்து 'வாங்க கண்ணு, சாப்பிடுங்க' என்கிறோமே, அதே பிரியம்தான்.

இன்னொன்று, கேள்வி கேட்க ஆங்கிலத்தில் 'டூ', 'டஸ்' தேட வேண்டும். ஸ்பானிஷில் அது கிடையாது, குரலை ஏற்றினால் போதும். எழுதும்போது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே ஒரு தலைகீழ்க் கேள்விக்குறி போடுவார்கள், அதை மறக்காதீர்கள்.

படி 4: 'எனக்கு' என்ற சாவி

இந்த மொழியிலேயே தமிழருக்குக் கிடைத்த பெரிய வரம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் விருப்பத்தைச் செய்கிறவன் 'ஐ'. தமிழில் நான் எதையும் செய்யவில்லை, எனக்குப் பிடிக்கிறது, எனக்கு வலிக்கிறது. ஸ்பானிஷும் அப்படியே.

மெ குஸ்தா எல் கஃபே: எனக்குக் காபி பிடிக்கும்.
மெ துவெலே லா கபேசா: எனக்குத் தலை வலிக்கிறது.
மெ பரேசே: எனக்குத் தோன்றுகிறது.

உனக்கு என்றால் 'தெ', அவனுக்கு, அவளுக்கு என்றால் 'லெ', நமக்கு என்றால் 'நோஸ்'. ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்பானிஷில் வினை, பிடித்த பொருளோடு சேரும். பொருள் பன்மை என்றால் வினையும் பன்மை: மெ குஸ்தான் லாஸ் நராங்ஹாஸ், எனக்கு ஆரஞ்சுப் பழங்கள் பிடிக்கும். தமிழில் ஒன்றானாலும் பத்தானாலும் 'பிடிக்கும்'தான், அதனால் இந்த 'ன்'னை நாம்தான் அதிகமாக விடுவோம். என் அக்கா மகள் நோட்டில் அந்த 'ன்' ஏழு இடத்தில் விட்டுப்போயிருந்தது, ஒவ்வொன்றிலும் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

நராங்ஹா என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஏற்காட்டு ரோட்டோரத்தில் குவித்து விற்கிற ஆரஞ்சுதான். சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், அங்கிருந்து ஸ்பெயின். தொடக்கம் திராவிட மொழியாக இருக்க வேண்டும் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர்கள் பலரின் கருத்து, நம்ம நாரத்தையில் அந்த 'நார' இன்னும் இருக்கிறது. ஆங்கிலம் முதலில் இருந்த 'ந'வை இழந்துவிட்டது, ஸ்பானிஷ் இழக்கவில்லை.

பசிக்கு மட்டும் கவனம். 'எனக்குப் பசிக்கிறது' என்பதற்கு 'மெ' வராது, 'தெங்கோ ஆம்ப்ரே' என்பார்கள், 'பசி வைத்திருக்கிறேன்' என்பது மாதிரி. வயசும் அப்படித்தான்: தெங்கோ 20 அஞ்ஞோஸ், 20 வருஷம் வைத்திருக்கிறேன். இங்கே ஆங்கில 'ஐ ஆம்' மாதிரி எழுதினால் நிச்சயம் தப்பு.

படி 5: இரண்டாம் வேற்றுமை 'ஐ'

ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் திணறும் ஒரு சின்ன 'ஆ' உண்டு. மனிதரைச் செயப்படுபொருளாகச் சொன்னால் முன்னால் அந்த 'ஆ' வரும், பொருளைச் சொன்னால் வராது.

புஸ்கோ உன் லிப்ரோ: ஒரு புத்தகம் தேடுகிறேன்.
புஸ்கோ ஆ மி எர்மானோ: என் தம்பியைத் தேடுகிறேன்.

தமிழில் 'புத்தகம் தேடறேன்' என்று 'ஐ' இல்லாமல் சொல்லலாம். 'என் தம்பி தேடறேன்' என்று சொல்ல முடியுமா? அந்த 'ஐ'தான் இந்த 'ஆ'. இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், குறிப்பிட்ட ஆள் இல்லை என்றால் ரெண்டு மொழியிலும் அது விழுந்துவிடும். 'பையனுக்குப் பொண்ணு பார்க்கிறாங்க' என்கிறோம், 'பொண்ணை' என்பதில்லை, ஏனென்றால் எந்தப் பொண்ணு என்று இன்னும் முடிவாகவில்லை. ஸ்பானிஷிலும் 'புஸ்கான் நோவியா', 'ஆ' கிடையாது.

அதே மாதிரி 'உன்னை, அவனை' எல்லாம் பெரும்பாலும் வினைக்கு முன்னால்தான் நிற்கும். தெ கியெரோ: உன்னை நேசிக்கிறேன். சொல்லுக்குச் சொல் நேராக வருகிறது.

படி 6: இப்போது ஆங்கிலத்தைக் கூப்பிடுங்கள்

எல்லாவற்றுக்கும் தமிழ் உதவாது. சொல் வரிசைக்கு ஆங்கிலம்தான். தமிழில் வினை கடைசியில் வரும், ஸ்பானிஷில் நடுவில். 'இல், இருந்து, உடன்' என்பவை நமக்குச் சொல்லின் வாலில் ஒட்டும், அங்கே தலையில் நிற்கும்: சோய் தே சேலம், நான் சேலத்திலிருந்து. 'நேற்று வந்த ஆள்' என்று நாம் முன்னால் சொல்வதை அவர்கள் 'எல் ஓம்ப்ரே கே வினோ ஆயெர்', அதாவது ஆள், அப்புறம் 'கே', அப்புறம் வந்தது, நேற்று என்று ஆங்கிலம் போலவே அடுக்குவார்கள். ஆங்கிலத்தில் 'ஷன்' என்று முடிகிற ஏராளமான சொற்கள் ஸ்பானிஷில் 'சியோன்' என்று முடியும். ஆனால் 'லிப்ரெரியா' என்றால் நூலகம் இல்லை, புத்தகக் கடை.

பால் விஷயத்தில் ரெண்டு மொழியும் கை கொடுக்காது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். உயர்திணை, அஃறிணை என்று நாம் அறிவை வைத்துப் பிரிக்கிறோம், அவர்கள் சொல்லின் வடிவை வைத்துப் பிரிக்கிறார்கள். பெரும்பாலும் 'ஓ' ஆண், 'ஆ' பெண். ஆனால் கை 'லா மானோ', நாள் 'எல் தீயா'. ஆண்பாலுக்கு முன்னால் 'எல்', பெண்பாலுக்கு முன்னால் 'லா'. ஒரே வழி, ஒவ்வொரு சொல்லையும் 'எல்' அல்லது 'லா'வோடு சேர்த்தே நோட்டில் எழுதுங்கள், தனியாக எழுதவே எழுதாதீர்கள். பெயரடை பெரும்பாலும் பின்னால் வரும், பாலும் மாறும்: கஃபே நேக்ரோ, மேசா நேக்ரா.

படி 7: சேர், எஸ்தார்

ஆங்கிலத்தின் 'இஸ்' இங்கே ரெண்டாக உடைகிறது. நிரந்தரம் என்றால் சேர், தற்காலிகம் என்றால் எஸ்தார் என்று பல இடத்தில் சொல்லித் தருகிறார்கள், எனக்கு அது ஒப்பவில்லை, ஏனென்றால் செத்துப்போனதற்கு 'எஸ்தா முவெர்தோ' என்கிறார்கள், அதைவிட நிரந்தரம் எது? தமிழில் இப்படிச் சோதியுங்கள்.

'இரு' இல்லாமலே வாக்கியம் முடிந்தால் சேர்: 'நான் ஆசிரியர்', சோய் ப்ரொஃபெசோர். இடம் சொன்னால் எஸ்தார்: 'ஏற்காட்டில் இருக்கிறேன்', எஸ்தோய் என் ஏற்காடு. 'உயரமா இருக்கான்', 'சோர்வா இருக்கான்' என்று வந்தால்தான் குழப்பம். அப்போது 'ஆனவன்' போட்டுப் பாருங்கள். 'அவன் உயரமானவன்' சரியாக இருக்கிறது, அதனால் சேர்: எஸ் ஆல்தோ. 'அவன் சோர்வானவன்' என்று யாரும் சொல்வதில்லை, அதனால் எஸ்தார்: எஸ்தா கான்சாதோ. நூற்றுக்கு நூறு என்று சொல்லமாட்டேன், 'செத்தவன்' என்று சொல்லலாம் ஆனாலும் எஸ்தார் வருகிறது பாருங்கள். தொடக்கத்துக்கு இந்தச் சோதனை நன்றாகவே கை கொடுக்கும்.

படி 8: மூன்று பத்தி நோட்டு

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாக மடியுங்கள். முதலில் தமிழ், நடுவில் ஸ்பானிஷ், கடைசியில் ஆங்கிலம். தினமும் ஐந்து வாக்கியம், உங்கள் வீட்டில் அன்றைக்கு நிஜமாகப் பேசியதாக இருக்க வேண்டும். எழுதிய பிறகு, ஸ்பானிஷ் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம் ஒரு அம்புக்குறி போடுங்கள், எந்தப் பக்கமும் இல்லை என்றால் வட்டம்.

அக்கா மகள் நேற்று எழுதியதில் முதல் ரெண்டு: 'அம்மாவைக் கூப்பிடறேன்', யாமோ ஆ மி மமா, அம்பு தமிழ்ப் பக்கம். 'காபி ஆறிப்போயிருக்கு', எல் கஃபே எஸ்தா ஃப்ரீயோ. இதற்கு அம்பு எந்தப் பக்கம் என்று அவளும் நானும் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், கடைசியில் வட்டம் போட்டாள்.