காதலும் கோஷ்டியும் ஒரே மீட்டரில் ஓடக் கூடாது

நான் முதன்முதலில் எழுதிய அரசியல் ஃபேன்டசி கதை விளையாட்டில் (படிப்பவரே சாய்ஸ்களை அமுக்கிக் கதையை நகர்த்தும் வகை) நான்கு கோஷ்டிகள், கோஷ்டிக்கு ஒருவர் வீதம் பிளேயர் காதலிக்கக்கூடிய நான்கு காதல் ஆட்கள். எவ்வளவு அழகாகப் பொருந்தி வருகிறது என்று எனக்கே ஒரு பெருமை. விளையாடிப் பார்த்த நண்பன் சொன்னான்: "எனக்கு அந்தக் கணக்கர் பொண்ணைப் பிடிச்சிருந்தது, அதனால வணிகர் பக்கம் எது வந்தாலும் அதையே அமுக்கிட்டுப் போயிட்டேன். அரசியல் பத்தியெல்லாம் படிக்கவே இல்லைடா." அவன் மேல் தப்பே இல்லை. காதல் ஆளைக் கோஷ்டியின் முகமாக நிறுத்திவிட்டால் பிளேயர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்றுதான், யாரைப் பிடித்திருக்கிறது என்பது. அதற்கப்புறம் நான் ராத்திரி முழித்து எழுதிய வரிவிதிப்புத் தகராறு, வாரிசுச் சண்டை எல்லாம் வெறும் தோரணம்.

அதைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். இந்த மாதிரி விளையாட்டு எழுத உதவும் கருவிகளான ட்வைன், இங்க், சாய்ஸ்ஸ்கிரிப்ட் எதில் எழுதினாலும் பொருந்தும். மூன்றையும் காசில்லாமல் இறக்கி எழுத ஆரம்பிக்கலாம். எண் கணக்கு வரும் இடத்தில் மட்டும் சாய்ஸ்ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கோஷ்டிகளைச் செய்யுங்கள், காதல் ஆட்களைப் பிறகு பார்க்கலாம்

ஒவ்வொரு கோஷ்டியின் கையிலும் மற்றவர்களுக்குத் தேவையான ஒரு பொருள் இருக்க வேண்டும். கொள்கை, கொடி, நிறம் எல்லாம் அப்புறம். என் கதையில் மூன்று வருடமாக மழையில்லாத ஒரு நாடு. மழையை இறக்கும் மந்திரம் பீடத்திடம், நெல் கிடங்குகள் வணிகர் சங்கத்திடம், வெளியிலிருந்து நெல் வர வேண்டிய மலைக் கணவாய் எல்லைப் படையிடம். யாரையும் முழுசாக ஒதுக்கிவிட்டு நாட்டை நடத்த முடியாது, யாரோடு சேர்ந்தாலும் இன்னொருவர் முகம் சுளிப்பார். இவ்வளவு இருந்தாலே பாதி அரசியல் தானாக வந்துவிடும்.

எத்தனை கோஷ்டி? மூன்று போதும் என்பேன். ஒரு கோஷ்டி உங்களோடு கூட்டு, நடுநிலை, பகை என்று மூன்று நிலையில் இருக்கலாம் என்றால் மூன்று கோஷ்டிக்கு 27 நிலைகள், நான்கு கோஷ்டிக்கு 81. அதோடு நான்கு காதல் ஆட்கள், 'யாருமில்லை' என்பதையும் சேர்த்து ஐந்து, பெருக்கினால் 405. இத்தனை முடிவுகளை எந்த மனிதனும் எழுதப் போவதில்லை. அதனால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: கடைசியில் என்ன நடக்கிறது என்பதைக் கோஷ்டிகள் தீர்மானிக்கட்டும், அது நடக்கும்போது உங்கள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், என்ன முகத்தோடு நிற்கிறார்கள் என்பதைக் காதல் தீர்மானிக்கட்டும். நான்கு பெரிய முடிவுகள், ஒவ்வொரு காதல் ஆளுக்கும் மூன்று பத்திகள் (சேர்ந்தது, முறிந்தது, தொடங்கவே இல்லை), இவற்றைக் கோத்தால் போதும், பிளேயருக்குத் தனக்காகவே எழுதிய மாதிரி இருக்கும். நடுவிலும் அப்படித்தான். கிளைகள் விரிந்து விரிந்து ஓரிடத்தில் மறுபடி கூட வேண்டும். கதை விளையாட்டுகளைப் பற்றி எழுதும் சாம் கேபோ ஆஷ்வெல் 2015-இல் சாய்ஸ் கதைகளின் வடிவங்களை வகை பிரித்தபோது இதற்கு 'பிராஞ்ச் அண்ட் பாட்டில்நெக்' என்று பேர் வைத்தார். அரசியல் கதைக்கு இது நன்றாக ஒத்துவரும், ஏனென்றால் அரசவை கூடுவது, முடிசூட்டு, முற்றுகை எல்லாம் நீங்கள் யார் பக்கம் இருந்தாலும் நடந்தே தீரும்.

காதல் ஆளிடம் கேட்க வேண்டியவை

கோஷ்டியோடு அவர் எதில் ஒத்துப்போகிறார், எதில் ஒத்துப்போகவில்லை, நீங்கள் அந்தக் கதையிலேயே இல்லாவிட்டால் அவர் என்ன செய்துகொண்டிருப்பார். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அந்த ஆளை எழுதத் தொடங்குவேன். என் கணக்கர் சங்கத்தில் வளர்ந்தவள். அநாதையாக வந்தவளுக்குச் சோறும் எழுத்தும் கொடுத்தது சங்கம்தான், அந்த நன்றி பொய்யில்லை. ஆனால் விலை ஏறட்டும் என்று கிடங்கைப் பூட்டி வைத்திருப்பது அவளுக்குத் தொண்டையில் முள். நீங்கள் வந்திருக்காவிட்டாலும் என்றைக்காவது அந்தச் சாவியை அவள் எடுத்திருப்பாள், அல்லது எடுக்கத் துணியாமல் கிழவியாகியிருப்பாள். இப்போது சங்கத்துக்கு நல்லது செய்தால் அவள் மகிழ்வாள் என்று பிளேயரால் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்ய முடியாது.

திருமணத்தைக் காதலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அரச குடும்பங்களில் கல்யாணம் என்பது பெரும்பாலும் கூட்டணி ஒப்பந்தம். ராஜராஜன் தன் மகள் குந்தவையை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுத்ததும் அப்படித்தான். அந்தக் குந்தவையின் பேரன்தான் 1070-இல் முதலாம் குலோத்துங்கனாகச் சோழ அரியணையிலேயே ஏறினான். கொடுத்தவர் கணக்குப் போட்டபோது இது எந்த ஓலையிலும் இருந்திருக்காது. உங்கள் கதையில் பிளேயர் ஒருவரைக் காதலித்து இன்னொருவரை மணக்க முடிய வேண்டும், அதற்கு விலையும் இருக்க வேண்டும். இந்த ஒரு வழியைத் திறந்துவிட்டதும் என் விளையாட்டு ஒரே நாளில் பத்து வயது மூத்துவிட்டது.

எண்கள்

சாய்ஸ்ஸ்கிரிப்டில் ஃபேர்மேத் என்று ஒன்று உண்டு. 50-இல் இருக்கும் ஒரு ஸ்டாட்டை (விளையாட்டு கணக்கு வைக்கும் எண்ணை) 20 சதவீதம் ஏற்றினால், 100-க்கு மீதமுள்ள 50-இல் 20 சதவீதம் சேர்ந்து 60 ஆகும். 90-இல் இருப்பதை அதே அளவு ஏற்றினால் 92-தான். ஆனால் 90-இலிருந்து 20 சதவீதம் இறக்கினால் ஒரே அடியில் 72-க்கு வந்துவிடும். கோஷ்டிக்கு இது அச்சாகப் பொருந்துகிறது: ஏற்கெனவே உங்களை நம்புகிறவர்களை மேலும் மகிழ்விப்பது கஷ்டம், ஏமாற்றினால் விழுவதோ பலமாக விழும்.

காதலுக்கு இதைப் போடாதீர்கள். 'காதல் 73' என்று ஸ்டாட் பக்கத்தில் பார்த்தால் எனக்குப் பால் விலை ஞாபகம் வருகிறது. நான் இரண்டு சின்ன எண்கள் வைக்கிறேன், விருப்பம் ஒன்று, நம்பிக்கை ஒன்று, இரண்டும் 0 முதல் 5 வரை, பிளேயர் கண்ணில் படாமல். விருப்பம் நிறைய இருந்து நம்பிக்கை இல்லாத உறவு, நம்பிக்கை இருந்து விருப்பம் வராத உறவு, இரண்டுமே அரசியல் கதைக்குத் தங்கம். இவற்றைவிட முக்கியம், நடந்ததை நினைவு வைக்கும் ஆம்/இல்லை வேரியபிள்கள்: கிடங்குக் கணக்கை அவள் உங்களிடம் சொன்னாளா, சொல்ல மாட்டேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களா. மனிதர்கள் மதிப்பெண்ணை நினைவு வைப்பதில்லை, வாக்கை வைத்திருப்பார்கள்.

மோதல் நடக்கும் காட்சி

காதல் காட்சி நடுவில் வரும் டூயட் பாட்டு மாதிரி கதையை நிறுத்திவைத்துவிட்டு வரக் கூடாது. அரசியலும் காதலும் ஒரே காட்சியில் நடக்க வேண்டும், எண்கள்தான் தனித்தனி. என் ஐந்தாம் அத்தியாயத்தில் அரசவை கூடியிருக்கிறது. கிடங்கில் ஒன்பதாயிரம் கலம் நெல்தான் இருக்கிறது என்று சங்கம் சொல்லிவிட்டது. உண்மையில் நாற்பதாயிரம் கலம். முந்தின இரவு படகுத்துறையில் கணக்கர் உங்களிடம் சொன்னது. இப்போது பீடாதிபதி உங்கள் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரிந்து எவ்வளவு?" என்கிறார்.

உண்மையைச் சொன்னால் பீடம் 20 சதவீதம் ஏறும், சங்கம் 25 இறங்கும். கணக்கரின் நம்பிக்கை இரண்டு விழும், ஏனென்றால் யார் வாயிலிருந்து வந்த தகவல் என்று சங்கத்துக்குப் பொழுது விடிவதற்குள் தெரிந்துவிடும். ஆனால் விருப்பம் இறங்காது, அவள் ஆசைப்பட்டதும் இதுதானே. ஒன்பதாயிரம் என்று சங்கத்தோடு ஒத்துப் பாடினால் சங்கம் ஏறும், அவள் தப்பிப்பாள். அன்று இரவும் படகுத்துறைக்கு வருவாள், ஆனால் உட்கார மாட்டாள், நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவாள். மூன்றாவது, "கணக்கரையே கேளுங்கள்" என்று அவளைப் பார்ப்பது. நம்பிக்கை மூன்றுக்கு மேல் இருந்தால் அவளே எழுந்து நாற்பதாயிரம் என்பாள், வேலை போகும், சங்கம் இரண்டாக உடையும். இல்லாவிட்டால் உங்கள் கண்ணைப் பார்க்காமல் ஒன்பதாயிரம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

இந்த மூன்றாவது வழியை நம்பிக்கை குறைந்தவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் பூட்டி வைக்காதீர்கள். எல்லோருக்கும் திறந்தே இருக்கட்டும். தப்பாக நம்பினோமே என்று பிளேயர் உணர்வதும் கதைதான். அதே சமயம் காதலே வேண்டாம் என்று விளையாடுகிறவருக்கும் இந்தக் காட்சி முழுசாக இருக்க வேண்டும். அவருக்குக் கணக்கர் ஒரு தோழி, அல்லது ரகசியத்தை விற்க வந்த ஆள். காதல் ஆள் இல்லாதவருக்கு நல்ல முடிவு கிடைக்காது என்று வைப்பது சோம்பேறித்தனம்.

எழுதி முடித்ததும் சாய்ஸ்ஸ்கிரிப்டின் ராண்டம்டெஸ்டை ஓட விடுங்கள், அது தானே ஆயிரக்கணக்கான தடவை விளையாடி எங்கே கதை உடைகிறது, எந்த வரியை யாருமே எட்டவில்லை என்று காட்டிவிடும். ஆனால் சலிப்பு எங்கே என்று அதற்குத் தெரியாது. அதற்கு நீங்களே நாலு விதமாக விளையாட வேண்டும்: ஒரே கோஷ்டிக்கு விசுவாசி, எல்லோரையும் கவிழ்ப்பவர், காதலுக்காக அரியணையை விடுபவர், எல்லோருக்கும் நல்லவர். கடைசி ஆள் ஏழாம் அத்தியாயம் வரை எந்தச் சிக்கலும் இல்லாமல் வந்துவிட்டால் உங்கள் அரசியலில் ஓட்டை இருக்கிறது. எனக்கு இருந்தது. சபையில் 'பிறகு சொல்கிறேன்' என்று நழுவும் சாய்ஸ்களுக்கு நான் விலையே வைக்கவில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும்

காதல் ஆள் ஆணா பெண்ணா என்று பிளேயரைத் தேர்ந்தெடுக்க விட்டால் வினைமுற்று ஒவ்வொன்றும் வேலை வாங்கும்: வந்தான், வந்தாள், சிரித்தான், சிரித்தாள். 'அவர் வந்தார்' என்று எல்லாவற்றையும் மரியாதையில் போட்டால் தப்பிக்கலாம், ஆனால் முத்தக் காட்சியிலும் 'அவர் அருகில் வந்தார்' என்றால் ஏதோ அதிகாரி கோப்பில் கையெழுத்து வாங்க வந்த மாதிரி இருக்கும். விகுதியை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு உழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் கஷ்டத்துக்கு ஈடாக நம்மிடம் நீ, நீங்கள் இருக்கிறது. நான்கு அத்தியாயம் வரை கணக்கரும் நீங்களும் 'நீங்கள்'தான். படகுத்துறையில் ஒரே ஒரு வரியில் அவள் 'நீ' என்கிறாள், அதற்கு எந்த விவரிப்பும் எழுதாதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த நாள் சபையில் அந்த மூன்றாவது சாய்ஸை இரண்டாக உடையுங்கள்: "கணக்கரே, நீங்கள் சொல்லுங்கள்", "நீ சொல்". பதற்றத்தில் இரண்டாவதை அமுக்கினால் அந்த நிமிடம் எந்த எண்ணும் மாறாது. எல்லைப் படைத் தளபதி மட்டும் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார், ஒரு வேரியபிள் 'ஆம்' ஆகிறது. பிறகு ஏழாம் அத்தியாயத்தில் கணவாயைத் திறக்கக் கேட்டு நீங்கள் அவர் கூடாரத்துக்குப் போகும்போது, வரைபடத்தைச் சுருட்டியபடியே கேட்கிறார்: "படகுத்துறையில் ராத்திரி காற்று நன்றாக வருமாமே?"