அக்ரஹாரத்து வீட்டை காப்பி பண்றவங்க மட்டத்துல கோட்டை விடாதீங்க

போன மாசம் கும்பகோணம் பக்கம் ஒரு சைட் பாத்தேன். இப்பதான் படிப்பு முடிச்ச ரெண்டு பசங்க, வீல்சேர்ல இருக்கற ஒரு தாத்தாவுக்கு அக்ரஹாரத்து வீடு மாதிரியே கட்டிட்டு இருக்காங்க. திண்ணை, ரேழி (வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவுல இருக்கற நடை), கூடம், முற்றம் எல்லாம் அழகாத்தான் இருக்கு, ஆனா வாசல்ல இருந்து கொல்லை வரைக்கும் எண்ணிப் பாத்தேன், 11 ஏத்த இறக்கம். 14 வருஷம் முன்னாடி வீல்சேர்ல இருந்த ஒரு அம்மாவுக்குக் கட்டினப்ப நானும் இதேதான் பண்ணேன்.

அந்தக் காலத்து வீட்ல எனக்குப் பெரிய விஷயம் தூணோ ஓடோ இல்ல. வாசல்ல நின்னா கொல்லைக் கதவு தெரியும், புழங்கறது எல்லாம் கீழயே, நேர்வழி. வீல்சேருக்கு இதைவிட நல்ல பிளான் நான் பாத்ததில்ல. அந்தப் பிளானை படிக்கட்டு போட்டு நாமளே கெடுத்துடறோம்.

பேஸ்மட்டம்

பழைய ரோட்டை சுரண்டாம மேலயே போட்டுப் போட்டு ரோடு ஏறிட்டே வருது, அதனால வீட்டுக்காரர் வீட்டுத் தரையை ரோட்ல இருந்து 3 அடி தூக்குங்கன்னு சொல்லுவாரு, அது நியாயம்தான். ஆனா 1:12 சரிவுல, அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏத்தம்னு, 3 அடி ஏறணும்னா ரேம்ப் மட்டுமே 36 அடி, நடுவுல நின்னு மூச்சு விட 5 அடி சமதளம் வேற. என்னோட அந்தப் பழைய சைட்ல வாசல்ல இருந்த இடமே 8 அடி. "கடைசில பாத்துக்கலாம்"னு சொன்னேன், கடைசில அந்த 8 அடிக்குள்ளயே போட்டோம். அந்த அம்மாவை மகன் ஒருத்தரால தள்ளி ஏத்த முடியல, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ரெண்டு பேரா தூக்கணும், மழை பெஞ்சா அதுவும் முடியாது, அந்த அம்மா கோவிலுக்குப் போறதையே விட்டுட்டாங்க. இப்ப நினைச்சாலும் எரிச்சலா வருது. ஏன்னா பக்கத்துலயே 45 அடி நீளத்துக்கு சந்து சும்மா கிடந்துச்சு. அக்ரஹாரத்துல பொதுச்சுவர், சந்துக்கு இடமே இல்ல, நாம இப்ப பெரும்பாலும் பக்கத்துல இடம் விட்டுத்தான் கட்டறோம், அதுல மெதுவா ஏறி நேரா கூடத்துக்கே போயிருக்கலாம். அப்புறம் செவுரை இடிச்சு அப்படித்தான் பண்ணோம், டபுள் செலவு. அஸ்திவாரத்துக்கு கயிறு கட்டற அன்னிக்கே ரேம்பையும் தரையில கோடு போட்டுடுங்க.

நிலைப்படி

வாசக்கால் அடிக்கட்டை 4 இஞ்ச் நிமிந்து நின்னா வீல்சேரோட சின்ன முன்சக்கரம் முட்டி நின்னுடும், உக்காந்திருக்கறவங்க முன்னாடி சாஞ்சிடுவாங்க. கட்டையைத் தரையோட தரையா பதிச்சிடுங்க. வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் அதுலயே வைக்கலாம்.

முற்றம்

பள்ளமா வேண்டாம். கூடத்து மட்டத்துலயே போட்டு லேசா வாட்டம் குடுங்க, சுத்தி வாய்க்கால், மேல சக்கரம் இறங்காத அளவு நெருக்கமான கம்பி மூடி.

திண்ணை

ரேம்புக்கு இடம் வேணும்னு இதை மட்டும் எடுத்துடாதீங்க. வீல்சேர் நிக்கற தரையில இருந்து 18, 19 இஞ்ச் உயரத்துல கட்டினா சீட்டும் திண்ணையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், கைய ஊணி தானா நகந்து உக்காந்துடலாம். அந்தப் பசங்க கட்டினது 27 இஞ்ச். தாத்தா தெருவைப் பாக்கணும்னுதானே இந்த வீடே வேணும்னாரு.

ரெட்டைக் கதவு

ஒத்தைக் கதவைத் திறந்தாலே 3 அடி வழி கிடைக்கணும்.

ஆத்தங்குடி டைல்

தண்ணி படற இடத்துல கூடவே கூடாது, வழுக்கும்.