இன்னொருவர் படத்தை மறுபடி வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு டேப்லெட்டில் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறேன். போன மாதம் எட்டாவது படிக்கும் ஒரு பெண், தேயிலைத் தோட்டத்தில் மூடுபனி இறங்கும் காட்சியை வரைந்து வந்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் தோட்டத்தில் நிழல் மரம் ஒன்றுகூட இல்லை. எங்கள் பக்கம் தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக் வரிசையாக நிற்கும். கேட்டதற்கு, தனக்குப் பிடித்த ஓவியர் ஒருவரின் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தது என்றாள். அவர் எந்த ஊர்த் தோட்டத்தை வரைந்தாரோ! ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலை அவள் படத்தில் வரவே இல்லை.

பார்த்து வரைவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் அப்படித்தான் கற்கிறோம். வான்கோ 1889, 1890-ல் சென் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, மிலே என்ற ஓவியரைப் பார்த்து சுமார் 20 படங்கள் தீட்டினார். அவர் கையில் இருந்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை அச்சுகள். உருவங்கள் மிலேயுடையவை, வண்ணம் வான்கோவே தேடிக் கண்டது.

அதனால்தான் எனக்கு அதிகம் கவலை தருவது கலர் பிக்கர், அதாவது படத்தில் தொட்ட இடத்தின் நிறத்தை அப்படியே எடுத்துத் தரும் கருவி. மூலப் படத்தை ஒரு லேயரில் (கண்ணாடித் தாள் போன்ற அடுக்கில்) வைத்து, ஆப்பாசிட்டியைக் குறைத்து மங்கலாக்கி, மேலே கோடு இழுத்து, நிறத்தையும் தொட்டுத் தொட்டு எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் படம் முடிந்துவிடும். கண் எதையும் கற்றிருக்காது. ஒரு நிறம் பக்கத்து நிறத்தோடு சேர்ந்துதான் அப்படித் தெரிகிறது. மூடுபனியில் வெள்ளையாகத் தோன்றுவதைத் தனியே எடுத்துப் பார்த்தால் சாம்பல், சில சமயம் லேசான ஊதா. அங்கே மூலப் படத்தை வரைந்தவர் ஏன் ஊதாவை வைத்தார் என்று யோசிப்பதில்தான் பாடமே இருக்கிறது. கை பழக ஒன்றிரண்டு முறை ட்ரேஸ் எடுக்கலாம், சரி. அதைத் தன் படம் என்று காட்டக் கூடாது.

பிள்ளைகளிடம் நான் சொல்வது இது: மூலத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, ஒளி எங்கே, நிழல் எங்கே என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதை மூடிவிட்டு, காலை ஆறரைக்கு வெளியே நின்று நிறத்தைப் பாருங்கள். அந்தப் பெண் அப்படி மறுபடி வரைந்தபோது, சில்வர் ஓக் மரங்கள் பனிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போயின. படத்துக்கு ஆழம் தானாக வந்தது.

அடுத்தது, எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைப்பது. இதில் நம் பழைய இலக்கணம் தெளிவாக இருக்கிறது. நன்னூல், நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிக்கிறது. முன்னவர் சொன்னதோடு ஒத்துப்போய், பின்னவர் தாம் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். அதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் நூலின் முன்னுரையான சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவற்றில், ஆக்கியோன் பெயருக்கு அடுத்தபடியே ‘வழி’ வருகிறது. இந்த நூல் எதன் வழியில் வந்தது என்று சொல்லியாக வேண்டும். டிஜிட்டல் படத்துக்கும் இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை. ‘பின்டரெஸ்ட்டில் கிடைத்தது’ என்று எழுதினால் வழி சொன்னதாக ஆகாது. அது படம் கிடைத்த இடம், வரைந்த ஆள் இல்லை. கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்துத் தேடி, பெயரைக் கண்டுபிடித்து, ‘இன்னாருடைய இந்தப் படத்தைப் பார்த்து வரைந்தது, நிறமும் மரங்களும் கோத்தகிரியில் பார்த்தவை’ என்று எழுதுங்கள். மூலத்தில் இருக்கும் கையெழுத்தை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போடுவது திருட்டு, வேறு சொல் இல்லை.

பெயர் போட்டுவிட்டால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஊட்டி மலர்க் கண்காட்சி சமயத்தில் விற்க வாழ்த்து அட்டைகள் அச்சடித்தபோது, அதில் ஒன்று இன்னொருவர் படத்தின் மறுவரைவு. பெயரைக் கீழே போட்டிருந்தேன், அனுமதி கேட்கவில்லை. பார்த்துவிட்டு அவர் எழுதியதில் கோபமே இல்லை. ‘ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே’ என்று மட்டும் இருந்தது. மிச்ச அட்டைகளை எடுத்துவிட்டு, விற்ற பணத்தை அவருக்கு அனுப்பினேன். வீட்டில் பழக வரைவது வேறு, அச்சடித்து விற்பது வேறு. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. ‘முப்பது சதவீதம் மாற்றினால் போதும்’ என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி ஓர் அளவு சட்டத்தில் இல்லை.

எங்கள் மலைக்கே உரிய தவறு ஒன்றும் உண்டு. தோடர் எம்பிராய்டரியின் வடிவங்களை அப்படியே கம்ப்யூட்டரில் வரைந்து டி-ஷர்ட்டில் போடுகிறவர்கள், ‘இது யாரோ ஒருவர் வரைந்தது இல்லையே’ என்கிறார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, முன்வரைவு எதுவும் இல்லாமல், இழையை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் போடும் வேலை அது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது, அதாவது அந்தப் பெயருக்குச் சட்டக் காப்பு உண்டு. அச்சடித்த டி-ஷர்ட்டை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. அந்த வடிவங்கள் மேல் உண்மையிலேயே ஆசை என்றால், தோடர்கள் வாழும் மந்துக்குப் போய், தையல் போடும் அம்மாக்களின் பக்கத்தில் உட்கார்ந்து, எதற்கு என்ன பெயர், எதை எங்கே போடுவார்கள் என்று கேளுங்கள். இந்த வேலைப்பாடு உள்ள போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். இறந்தவர்களைப் போர்த்தி அனுப்புவதும் அதே பூத்துக்குளியால்தான். அது தெரிந்த பிறகு, எதை டி-ஷர்ட்டில் போடலாம் என்பதையும் அவர்களிடமே கேட்கத் தோன்றும்.